சாப்பிட்டவன் கடலில் இறங்கக் கூடாது

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஆழமே கிடையாது என்று தெரிந்தும் காலை விடாத குடும்பம் ஒன்று உண்டென்றால், அது எங்கள் ஊர் பல்தசாரேயின் குடும்பம்தான்.

எங்கள் கடற்கரைக்குத் தாம்பாளம் என்று பெயர். சிசிலியின் மேற்குக் கோடியில், பச்சையா நீலமா என்று கடைசிவரை முடிவெடுக்காத ஒரு நிறத்தில் பளபளத்துக்கொண்டு கிடக்கும். எவ்வளவு தூரம் நடந்தாலும் தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறாது. வெகுதூரம் போனபிறகு இடுப்பளவு வரும். அதற்கப்பால் கோடு கிழித்தாற்போல் கருநீலம் தொடங்கும். பள்ளம் அங்கேதான். வெளிநாட்டுக்காரர்கள் இதற்காக விமானம் ஏறி வந்து, பெட்டியை வைத்த கையோடு தண்ணீரில் விழுகிறார்கள். நம்மவர்களுக்கு அப்படியெல்லாம் அவசரம் கிடையாது. ஆகஸ்டில் மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று குடும்பம் குடும்பமாகக் குடையும் மடக்கு மேசையும் சட்டிபானையுமாக வந்து இறங்கி, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

சாப்பிட்டால் மூன்று மணி நேரத்துக்குத் தண்ணீரில் இறங்கக் கூடாது. இறங்கினால் செரிமானம் நின்றுபோய், வயிறு இறுகி, ஆள் கல்லைப்போல மூழ்கிவிடுவான். இது தீவில் தாய்ப்பாலோடு சேர்த்து ஊட்டப்படும் செய்தி. மற்ற வீடுகளில் முன்னே பின்னே இருக்கும். பல்தசாரே வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அவர் நகராட்சிப் போக்குவரத்துக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். விசிலை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. பீச் பழம் தின்றால் அரை மணி கூடும், தர்பூசணி தின்றால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும், சர்க்கரையில்லாத காபி குடித்தால் கொஞ்சம் குறையும் என்று அவர் ஒரு சட்டமே வைத்திருந்தார். காலையில் வந்தவுடன் எண்ணெய் தடவிய ரொட்டி, பிறகு தட்டுத்தட்டாகச் சுட்ட பாஸ்தா, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சி, கத்தரிக்காய், பழம், காபி, மறுபடி பழம். ஆகவே அந்தக் குடும்பத்தில் யாரும் சட்டப்படி குளித்ததே கிடையாது. சாயங்காலம் வந்தபடியே காய்ந்த உடம்போடு வீடு திரும்புவார்கள், கடலில் நல்ல பொழுது போனது என்று சொல்லிக்கொண்டே.

அவரைக் குறை சொல்ல முடியாது. அவருடைய தம்பி காஸ்பரே இதே கடலில், இதே திருநாளன்று, சாப்பிட்ட கையோடு இறங்கித்தான் செத்துப்போனான். உடல்கூடக் கிடைக்கவில்லை. அவனுடைய விதவை நின்ஃபா வருஷம் தவறாமல் குடையின் நடுநிழலில், கை வைத்த ஒரே நாற்காலியில், தலை முதல் கால்வரை கறுப்பில் உட்கார்ந்திருப்பாள். கோவிலில் முதல் வரிசை அவளுக்கு. மாதா ஊர்வலத்தில் சிலைக்கு அடுத்த இடம் அவளுக்கு. கடையில் வரிசையில் நின்றால் ஊரே வழிவிடும். "பாவம், செரிமானத்துல புருஷனைக் கொடுத்தவ" என்று இன்றைக்கும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

ஆனால் காஸ்பரே சாகவில்லை. அது நின்ஃபாவுக்குத் தெரியும்.

அன்றைக்குச் சாப்பாடு முடிந்து மொத்தக் குடும்பமும் குடைக்கடியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கியது. நின்ஃபா மட்டும் தர்பூசணித் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காஸ்பரே எழுந்தான், சட்டையைப் போட்டான், தலையைச் சீவிக்கொண்டான். குளிக்கப் போகிறவன் தலை சீவமாட்டான். அப்படியே நடந்து, பள்ளத்தின் ஓரம் ஒரு வாரமாக நங்கூரம் போட்டு நின்ற பாய்க்கப்பலில் ஏறினான். அதன் சொந்தக்காரி ஒரு பிரெஞ்சுக்காரி, கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, படுபாவி. கத்தியிருந்தால் நின்ஃபா கைவிடப்பட்டவள் ஆகியிருப்பாள். சிரிக்கிறவர்கள் சிரிக்க, இரக்கப்படுகிறவர்கள் இன்னும் கேவலமாக இரக்கப்பட்டிருப்பார்கள். அவள் கத்தவில்லை. விழித்ததும் பல்தசாரே "தம்பி எங்க?" என்று கேட்டார். "கடல்ல இறங்கினார்" என்றாள். "சாப்பிட்டுட்டா?" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். அவ்வளவுதான். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. செத்தபிறகு காஸ்பரே நல்ல கணவனாகவும் ஆகிவிட்டான். அது முப்பது வருஷத்துக் கதை.

இந்த வருஷம் பல்தசாரேயின் மகள் லொரேதானா ஒரு டென்மார்க்காரனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மிக்கெல் என்று பெயர். பலெர்மோவில் படிக்க வந்தவன், நம் மொழி நன்றாகவே பேசினான். கட்டினால் இவனைத்தான் கட்டுவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். பையன் தங்கம். ஒரே ஒரு குறை, பொய் சொல்லத் தெரியாது. பல்தசாரேயின் மனைவி என்ஸா, "என் பாஸ்தா எப்படி இருக்கு தம்பி?" என்று கேட்டதற்கு, "நல்லா இருக்கு. உப்புதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றான். என்ஸா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் மூன்றாம் தடவையும் தட்டை நீட்டினான் என்பதால் மன்னித்துவிட்டாள். கத்தரிக்காயை வழித்து நக்கினான். தர்பூசணியில் பச்சைத் தோல் மட்டும் மிச்சம். குடும்பமே அவன்மேல் உருகிப்போயிருந்த வேளையில், வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து சட்டையைக் கழற்றினான்.

"எங்க போற?" என்றார் பல்தசாரே.

"குளிக்கப் போறேன் மாமா."

விசில் ஒலித்தது. பக்கத்துக் குடைக்காரர்கள் நான்கைந்து பேர் பழக்கதோஷத்தில் அசையாமல் நின்றுவிட்டார்கள்.

"இப்பதானே சாப்பிட்ட! உனக்கென்ன பைத்தியமா?"

"அதோ அவங்கல்லாம் குளிக்கிறாங்களே?" என்று அவன் வெளிநாட்டுக்காரர்களைக் காட்டினான்.

"அவங்க தின்னுறது சாப்பாடாடா? எலை தழை! நீ தின்னது என் கையால பண்ணது!" என்றாள் என்ஸா.

பிறகு அவனை உட்கார வைத்துக் காஸ்பரே கதையைச் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு வரி சொன்னார்கள், எல்லோருக்கும் மனப்பாடம். காஸ்பரே கடைசியாகத் தின்ற தர்பூசணி என்று வந்த இடத்தில் எல்லோரும் நின்ஃபாவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். அவள் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டாள். மிக்கெல் மரியாதையாகக் கேட்டான். கேட்டு முடித்துக் கடலைப் பார்த்தான். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஆட்கள் முழங்கால் தண்ணீரில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இதுல எப்படி மூழ்கினாரு?" என்றான்.

இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை.

"செரிமானம் நின்னுபோச்சுன்னா பாத்திரம் கழுவுற தொட்டியிலயே உயிர் போயிரும்" என்றாள் என்ஸா.

"அத்தை, மன்னிச்சுக்கோங்க, அது உண்மையில்ல. இதோ போயிட்டு வரேன், ஒண்ணும் ஆகாது, நீங்களே பாருங்க." சொல்லிவிட்டுக் கடலை நோக்கி நடந்தான்.

"மிக்கெல், வேண்டாம்! அப்பா பொண்ணு தரமாட்டார்!" என்று கத்தினாள் லொரேதானா. அவனுக்குக் காது கேட்கவில்லையோ, உண்மையின்மேல் அவ்வளவு பிரியமோ, போய்க்கொண்டே இருந்தான்.

தாம்பாளம் முழுக்கச் செய்தி பரவியது. ஒருவன் மூன்று தட்டு பாஸ்தா சாப்பிட்டுவிட்டுக் கடலில் இறங்கியிருக்கிறான். குடைக்கடியில் தூங்கியவர்கள் எழுந்து வந்தார்கள். சீட்டாட்டம் நின்றது. கரையோரம் ஊரே வரிசை கட்டியது. என்ஸா ஜெபமாலையை எடுத்துவிட்டாள்.

"வெளுத்துப்போயிட்டான் பாரு!"

"அவன் பொறந்ததுலேருந்தே வெளுப்புதான்."

"யாராவது போய்ப் பிடிச்சுட்டு வாங்களேன்!"

போவதற்கு ஆள் வேண்டுமே. காப்பாற்றப் போக வேண்டியவர்கள் எல்லோரும் சாப்பிட்டிருந்தார்கள்.

நின்ஃபாவுக்கும் பயம்தான். அவன் செத்துவிடுவானோ என்ற பயம் இல்லை. சாகமாட்டான் என்ற பயம். வெளிநாட்டுக்காரன் இலை தழை தின்று பிழைத்தால் அதற்குப் பதில் உண்டு. இவன் இந்த மேசையில், ஊர் பார்க்க, தர்பூசணி உட்படத் தின்றவன். அவன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தானானால் அடுத்த கேள்வி காஸ்பரேயைப் பற்றித்தான். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. கோவில் முதல் வரிசை போகும், ஊர்வலத்தில் இடம் போகும். அதுகூடப் பரவாயில்லை. பிரெஞ்சுக்காரி கை நீட்டியதும் இவளைக் குப்பைபோல விட்டுவிட்டுப் போனான் என்பது, இத்தனை வருஷம் கழித்து, கடைத்தெருவில் புதுச் செய்தியாக வரும். அதை அவளால் தாங்க முடியாது.

அவள் எழுந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் தண்ணீரில் இறங்கினாள்.

"நின்ஃபா! ஐயோ, அவளும் சாப்பிட்டிருக்காளே!" என்று என்ஸா அலறினாள். விசில் விடாமல் ஒலித்தது. நின்ஃபா திரும்பிப் பார்க்கவில்லை. கறுப்புப் பாவாடை தண்ணீரில் ஊறிக் கனத்தது. வெகுதூரம் நடந்து, இடுப்பளவு தண்ணீரில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்த மிக்கெலின் தலைமாட்டில் போய் நின்றாள்.

அவன் பதறி எழுந்தான். "சித்தி! நீங்களா?"

"உனக்கு வயித்தை வலிக்கணும்" என்றாள் மூச்சு வாங்க.

"வலிக்கலையே."

"வலிக்குதான்னு நான் கேக்கல. வலிக்கணும்னு சொல்றேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே சாயி. நான் இழுத்துக்கிட்டுப் போறேன்."

அவன் புரியாமல் விழித்தான். வேறு வழியில்லை. முப்பது வருஷமாக யாரிடமும் சொல்லாததை, பொய் சொல்லவே தெரியாத ஒரு டென்மார்க்காரனிடம், நடுக்கடலில் நின்று சொன்னாள். பாய்க்கப்பலையும் சொன்னாள், தலை சீவியதையும் சொன்னாள்.

"அப்போ அவர் உயிரோட இருக்காரா?"

"இருப்பான். அவன் லேசுல சாகுற ரகம் இல்ல."

"சித்தி, உங்களுக்கு விதவையா இருக்கப் பிடிச்சிருக்கா?"

"பிடிக்கிறதாவது! அதுதான் என் உத்தியோகம். இதுக்கப்புறம் வேற உத்தியோகத்துக்கு எங்க போறது?"

மிக்கெலின் முகத்தில் இரக்கம் தெரிந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்காதது. "எங்க வீட்டுல பொய் சொல்ல மாட்டோம், சித்தி" என்றான்.

"எங்க வீட்டுல உண்மையைச் சொல்ல மாட்டோம். கல்யாணம்னா ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் போகணும்."

"நானா போய்ச் சொல்லமாட்டேன். ஆனா யாராவது நேரா கேட்டா பொய் சொல்ல என்னால முடியாது. மன்னிச்சுக்கோங்க."

இவ்வளவுதான் அவன் தருவான் என்று தெரிந்தது. இருவரும் திரும்பி நடந்தார்கள். நடக்கும்போதுதான் நின்ஃபா தண்ணீரைக் கவனித்தாள். வெதுவெதுப்பாக இருந்தது, காலடி மணலில் வெயில் வலைபோல் ஆடியது. வயிற்றில் கத்தரிக்காயும் தர்பூசணியும் சமர்த்தாகக் கிடந்தன. அவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. இவ்வளவு நல்ல தண்ணீரை எட்ட நின்று பார்த்தே ஆயுசு போயிற்றே என்று முதல்முறையாக வயிறெரிந்தது. அவளுக்கு உண்மையில் வலித்த வயிற்றுவலி அது ஒன்றுதான்.

எதிரே பல்தசாரே வந்துகொண்டிருந்தார். மணிக்கட்டை நனைத்து, பிடரியை நனைத்து, தொப்பையில் மூன்று கை தண்ணீர் தெளித்து, சிலுவை போட்டுக்கொண்டு இறங்கியிருந்தார். குடும்பத் தலைவர் என்றால் சும்மாவா. அவருக்குப் பின்னால் சற்றுத் தள்ளி எங்கள் ஊர் மருந்துக்கடைக்காரர் கணுக்கால் தண்ணீரில் வந்து நின்றார். வெறும் வாயை மெல்லுகிறவர்; இன்றைக்கு அவல் கிடைத்துவிட்டது.

"என்ன பல்தசாரே! பையன் பிழைச்சுட்டான், உங்க தம்பி சம்சாரமும் பிழைச்சுட்டாங்க! ரெண்டு பேரும் தர்பூசணி சாப்பிட்டாங்கதானே?" என்று கரை முழுக்கக் கேட்கும்படி கூவினார். "அப்போ காஸ்பரே எப்படிச் செத்தான்?"

கரையில் என்ஸாவின் ஜெபமாலைகூட நின்றுவிட்டது. பல்தசாரே மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார், நின்ஃபாவைப் பார்த்தார்.

"தம்பி, நீ சொல்லு!" மருந்துக்கடைக்காரர் மிக்கெலைப் பார்த்துக் கேட்டார். "அந்தம்மா அங்க உங்கிட்ட ஏதோ சொன்னாங்களே, என்ன சொன்னாங்க?"

நேராகக் கேட்டுவிட்டார். மிக்கெலின் முகம் சிவந்தது. அவன் வாயைத் திறந்தான்.

அந்த நேரத்தில் பல்தசாரே "அம்மா!" என்று ஒரு சத்தம் போட்டார். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மரம் சாய்வதுபோல் முழங்கால் தண்ணீரில் விழுந்தார். அவர் உடம்புக்குத் தண்ணீர் நாலாபக்கமும் தெறித்தது. "செரிமானம்! செரிமானம்!" என்று வாயில் கடலோடு கத்தினார்.

கரை பொங்கிவிட்டது. "நான் சொல்லல? நான் சொல்லல?" என்று என்ஸா மார்பில் அடித்துக்கொண்டாள். பெண்கள் பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து தரதரவென்று இழுத்தார்கள். மருந்துக்கடைக்காரர் கணுக்கால் தண்ணீரிலிருந்தே ஒரே தாவலில் மணலுக்குப் போய்விட்டார், அவரும் சாப்பிட்டிருந்தார். தூக்கிவர ஒருவரும் இறங்கவில்லை. ஆனால் எப்படித் தூக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

மிக்கெல்தான் ஓடிப்போய் மண்டியிட்டு நாடி பார்த்தான். "ஒண்ணும் இல்லையே, நல்லாத்தானே..."

பல்தசாரே ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "எம்பொண்ணு வேணுமா?"

"வேணும் மாமா."

"அப்போ வாயை மூடிக்கிட்டுக் கரைக்குப் போ."

டென்மார்க்கில் பொய் சொல்லத்தான் கூடாது. வாயை மூடிக்கொள்ளத் தடையில்லை போலிருக்கிறது. அவன் போனான். அவர் எப்படி இருக்கிறார் என்று கரையில் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். "படுத்திருக்கார்" என்றான். லொரேதானா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

தண்ணீரில் நின்ஃபா பல்தசாரேயின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "அத்தான்..." என்றாள்.

"அன்னைக்கு நான் தூங்கலம்மா" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "குறட்டை மட்டும் விட்டேன்."

அவள் காத்த ரகசியம் காவலே தேவைப்படாத ரகசியமாக இருந்திருக்கிறது. அழுகை வரும் என்று நினைத்தாள், கோபம்தான் வந்தது.

"தெரிஞ்சுமா? தெரிஞ்சுமா இந்த ஆகஸ்ட் வெயில்ல வருஷா வருஷம் என்னைக் கறுப்புல வேக வெச்சீங்க?"

"நீ இஷ்டப்பட்டுப் போடுறேன்னு நெனச்சேன்மா."

"இஷ்டப்பட்டா! எல்லார் முன்னாடியும் கௌரவமா இருக்கணுமேன்னு போட்டேன்!"

"உன் கௌரவம் போகக் கூடாதேன்னுதான் நானும் விசில் ஊதினேன்." அவர் குரல் கம்மியது. "நான் மட்டும் குளிச்சேனா? சின்ன வயசுல என்னைத் தண்ணியிலேருந்து வெளியே எடுக்க எங்கம்மா துடைப்பத்தோட வருவா. அவன் போனதுக்கப்புறம் நான் கணுக்கால்கூட நனைக்கல. நான் குளிச்சா, நீ எப்படி விதவை?"

நின்ஃபா அவரைப் பார்த்தாள். தொப்பை தண்ணீருக்கு மேலே தீவுபோல நின்றது. அதைச் சுற்றி அந்தப் பச்சையும் நீலமும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. முகத்தில் சாகிறவனுக்கு இருக்கக் கூடாத ஒரு சுகம் இருந்தது. கரையில் என்ஸா யாரையோ பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள், காலையிலிருந்து பட்டினியாக இருந்த ஒரு ஜெர்மானியனைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவன் கயிறும் மிதவையுமாக இறங்கிக்கொண்டிருந்தான்.

பல்தசாரே அதைப் பார்த்துவிட்டு எழ முயன்றார். நின்ஃபா அவர் நெற்றியில் கை வைத்து அமுக்கினாள். தானும் சப்பணமிட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டாள். கறுப்புப் பாவாடை அவளைச் சுற்றிலும் விரிந்து மிதந்தது.

"அத்தான், உடனே பொழச்சுடாதீங்க" என்றாள். "தண்ணி நல்லா இருக்கு."